‘ஒரிஜினல்’ என்று சொன்னால் போதுமா? பழைய கார் சாமான் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் என எல்லையின் இரு பக்கமும் பழைய காரைத் தேடிப் பிடித்துச் சீர்செய்து ஓட்டும் ஆர்வம் பெருகியிருக்கிறது. தென்னந்தோப்புக் கொட்டகைகளில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த லேண்ட்மாஸ்டரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பழைய பியட்டும் மறுபடி சாலைக்கு வருவது எங்களுக்கு மகிழ்ச்சியே. கூடவே வரி விளம்பரங்களிலும் கைப்பேசிக் குழுக்களிலும் ‘ஒரிஜினல் சாமான், அரிய பொருள், விலை பேசித் தீர்மானிக்கலாம்’ என்ற அறிவிப்புகளும் பெருகிவிட்டன. பட்டறை வேலையிலும் பழைய வண்டிப் பராமரிப்பிலும் இருக்கும் நாங்கள் இதைப் பற்றிச் சிலவற்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். பளபளப்புக்கும் வயதுக்கும் விலை கொடுக்கிறார்கள். அந்தப் பொருள் தங்கள் வண்டிக்கு, தங்கள் ஆண்டுக்கு உரியதுதானா என்று பார்ப்பவர்கள் குறைவு. பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லையே பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பெனியிலிருந்து வண்டி வெளியே வரும்போதே மாட்டியிருந்தது ஒன்று. அதே காலத்தில் விற்பனை முகவர் தனிக் காசு வாங்கிக்கொண்டு மாட்டித் தந்த ரேடியோ, மூடுபனி விளக்கு, கண்ணாடிக்கு மேலே வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகர வெயில் மறைப்பு போன்றவை இன்னொன்று. அந்தக் காலத்தில் கடையில் கிடைத்த, எந்த வண்டிக்கும் மாட்டக்கூடிய பொதுச் சாமான் மூன்றாவது. மூன்றுமே பழையவைதான், மூன்றுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. முதல் இரண்டும் அந்தந்த வண்டியின் உதிரிபாகப் புத்தகத்திலோ கையேட்டிலோ எண்ணோடு இருக்கும். விற்பவர் அந்த எண்ணைக் காட்டினால் கூடுதல் விலை நியாயம். காட்ட முடியாவிட்டால் மூன்றாவது வகைக்கான விலையைப் பேசுங்கள். காயலான் கடையில், பாலக்காட்டுப் பக்கம் சொல்வதுபோல் ஆக்ரிக்கடையில், எடைக்கு வாங்கிய பொருளுக்கு ‘கம்பெனி பிட்டிங்’ என்று பெயர் வைப்பதில் செலவே இல்லை.

ஆண்டைக் கண்டுபிடிப்பது பலரும் நினைப்பதைவிட எளிது. லூகாஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி தயாரித்த மின் பாகங்கள் பலவற்றின் உடம்பில் இரண்டு எண்கள் குத்தப்பட்டிருக்கும். முன்னது மாதம் அல்லது வாரம், பின்னது ஆண்டின் கடைசி இரு இலக்கம். வண்டி வெளிவந்த தேதிக்குச் சில மாதம் முந்திய தேதி இருந்தால் பொருத்தம். வண்டி 1956, பாகத்தில் 61 என்றால் அது பின்னாளில் மாற்றியது. கெட்ட பொருள் என்று அர்த்தமில்லை, ஆனால் கம்பெனி விலை அதற்கு இல்லை. சென்னையில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியது 1961ல். அந்தப் பெயர் பொறித்த ஹார்ன் 1955 மாடல் வண்டியோடு பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோயம்புத்தூரின் பிரிக்கால் மீட்டர் செய்யத் தொடங்கியது 1970களில். அந்த மீட்டர் 1964 வண்டியில் இருந்தால் அதுவும் மாற்றுப் பொருளே. மைலும் கிலோமீட்டரும் இப்படித்தான். மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956ல் வந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1950களின் நடுவில் வந்த வண்டியின் மீட்டரில் மைல்தான் இருக்க வேண்டும்.

முத்திரை எழுத்துகளில்தான் ஏமாற்றம் அதிகம். பியட் 1100 வகை வண்டிகள் 1970களின் தொடக்கத்தில் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, பிறகு பத்மினி ஆயின. உடல் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பத்மினி எழுத்தைப் பழைய பியட்டிலும், பியட் எழுத்தைப் பத்மினியிலும் மாட்டி விற்கிறார்கள். அம்பாசிடரிலும் மாடலுக்கு மாடல் மார்க் எண் மாறும்; மார்க்-2வின் நெருக்கக் கட்டம் போட்ட கிரில் வேறு, அதற்கு முந்தியது வேறு, பிந்தியது வேறு. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014 வரை நடந்தது. ஆகவே ‘அம்பாசிடர் ஒரிஜினல்’ என்ற இரண்டு சொல்லுக்குள் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சாமான்கள் அடங்கும். எந்த மார்க், எந்த ஆண்டு என்று கேட்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

தேதி குத்தாத பொருளுக்கு நல்ல சாட்சி வீட்டுப் பீரோவிலேயே இருக்கலாம். பழைய கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை அழைப்பு வண்டியின் முன்பக்கம் தெளிவாக விழுந்திருக்கும். எந்த விளக்கு, எந்த வீல் கப், பானெட் மேல் என்ன சின்னம், கண்ணாடி மட்கார்டிலா கதவிலா என்பதைப் பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம். 1956 நவம்பர் 1க்கு முன் பாலக்காடு, மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனால் அந்தக் காலத்துப் பாலக்காட்டு வண்டியின் ஆவணத்திலும் நம்பர் பலகையிலும் மதராஸ் பதிவு இருப்பது இயல்பே. ‘கேரளா வண்டிக்கு எப்படி மதராஸ் நம்பர்’ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. ரேடியோ என்றால், தபால் அலுவலகம் கொடுத்த பழைய லைசென்ஸ் புத்தகம் கூடவே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அந்த ரேடியோ யாரிடம் எந்த ஆண்டிலிருந்து இருந்தது என்பது எழுத்தில் நிற்கும். நாங்கள் அதற்குத் தனியாகவே விலை கொடுப்போம்.

அடுத்தது உலோகம். பானெட் சின்னம், கைப்பிடி, விளக்கு வளையம் ஆகியவை பெரும்பாலும் பித்தளை, இரும்புத் தகடு, துத்தநாக வார்ப்பு ஆகிய மூன்றில் ஒன்று. மேலே குரோம் பூசிவிட்டால் மூன்றும் ஒன்றுபோல் தெரியும். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையா துத்தநாகமா என்று பார்க்க வேண்டும். பின்புறம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மெல்ல அரம் வைத்தால் மஞ்சள் தெரிவது பித்தளை, சாம்பல் நிறம் துத்தநாகம். அரம் வைக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் சமையலறை மின்தராசு போதும். முதலில் பொருளை எடை போடுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்ஜியமாக்கி, பொருளை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்க மூழ்க விடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் பொருளின் கன அளவு. முதல் எடையை இதால் வகுத்தால் 8.5 அளவில் வருவது பித்தளை, 6.7 அளவில் வருவது துத்தநாக வார்ப்பு, 2.7 அலுமினியம். 170 கிராம் சின்னம் 20 கிராம் காட்டினால் பித்தளை. 25 கிராம் காட்டினால் துத்தநாகம். உள்ளே காற்று அடைபடும் குழிவான பொருளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஏன் இவ்வளவு பாடு? துத்தநாக வார்ப்பில் குரோமுக்கு அடியிலிருந்தே அரிப்பு கிளம்பும். கொப்புளம் கொப்புளமாக எழும், தேய்த்தால் போகாது. ஒவ்வொரு குழியையும் தோண்டிச் சுத்தம் செய்து, செம்பு பூசி நிரப்பி, தேய்த்து, மறுபடி செம்பு, நிக்கல், குரோம் என்று போக வேண்டும். பித்தளைச் சின்னத்தைப் புதுப்பிக்க ஆகும் செலவைப்போல் பல மடங்கு ஆகும். அதைவிடப் பெரிய ஆபத்து பிளேட்டிங் பட்டறையில் இருக்கிறது. பழைய பூச்சை எடுக்க இரும்புச் சாமானோடு சேர்த்து அமிலத் தொட்டியில் போட்டுவிட்டால் துத்தநாகச் சின்னம் கரைந்தே போகும். கொடுக்கும்போதே ‘இது துத்தநாக வார்ப்பு’ என்று சீட்டு எழுதிக் கட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னால் வேலைக்காரர் மாறும்போது மறந்துபோகும். வீட்டிலும் குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. புளியின் அமிலம் கொப்புளத்துக்குள் இறங்கித் துத்தநாகத்தைத் தின்னும். மிதமான சோப்பு நீர், மெல்லிய துணி, உடனே துடைப்பது, இவ்வளவே போதும்.

கடலோரத்தில் ஓடிய வண்டிச் சாமானில் இந்தக் கொப்புளம் அதிகம். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பக்கத்து உலர்ந்த கொட்டகைகளில் கிடந்தது பொதுவாக நல்ல நிலையில் கிடைக்கிறது. ஆகவே எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் விலையின் ஒரு பகுதி. புதிதாகப் பூசி மின்னும் சாமானைவிட, லேசாக மங்கிய பழைய பூச்சோடு, எழுத்தின் விளிம்பு கூராக இருக்கும் சாமானுக்கே நாங்கள் அதிகம் கொடுப்போம். மறுபூச்சுக்கு முன் பட்டறையில் சக்கரத்தில் வைத்துத் தேய்க்கும்போது எழுத்து மழுங்கும். போன விளிம்பு திரும்ப வராது.

விளக்குகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக விலை போவது அவைதான். ஹெட்லைட் கண்ணாடியின் வரிப்பள்ளங்கள் வெளிச்சத்தை ஒரு பக்கமாகச் சாய்க்கும்படி வார்க்கப்பட்டவை. நமக்கு டிம் போட்டால் வெளிச்சம் இடப்பக்கம் சாய வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து வந்த கண்ணாடியைப் போட்டால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். காட்சிப் பெட்டியில் வைக்க என்றால் பரவாயில்லை. கோவை–பாலக்காடு சாலையில் இரவில் ஓட்ட என்றால் அந்தக் கண்ணாடி வேண்டாம். உள்ளே பல்பின் ஒளியை முன்னால் திருப்பும் கிண்ணமான டூமில் பழைய காலத்தில் வெள்ளி பூசியிருப்பார்கள். அது கறுத்துவிட்டது என்று பித்தளைப் பாலிஷால் தேய்த்தால் ஒரே தேய்ப்பில் போய்விடும். அதற்குப் பதில் குரோம் பூசித் தருகிறோம் என்பார்கள், வேண்டாம். வெள்ளி, விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திருப்பும். குரோம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கண்ணுக்குப் பளபளக்கும், சாலையில் வெளிச்சம் இருக்காது.

ஜோடி விளக்கு என்றால் இரண்டிலும் தேதி எண் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ இருக்க வேண்டும். கண்ணாடியில் வார்த்த பெயரும் வரிப்பள்ளமும் ஒத்திருக்க வேண்டும். ஒத்த ஜோடியின் விலை, ஒற்றை விளக்கின் விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போவது நியாயம், ஏனென்றால் இரண்டாவதைத் தேடும் காலம் அதில் மிச்சம். வீல் கப் நான்கில் மூன்று ஒரே அச்சு, நான்காவது வேறு என்றால் அதை மூன்றாகவே எண்ணுங்கள். திருகாணியும் பேசும். பழைய ஆங்கிலேய மின் சாமான்களில் பி.ஏ. என்ற அளவுத் திருகாணி, ஒற்றைக் கோடு வெட்டிய தலையோடு இருக்கும். கூட்டல் குறித் தலை இருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். 2 பி.ஏ. திருகாணி 4.7 மில்லிமீட்டர், அதன் மரையில் 5 மில்லிமீட்டரை முடுக்கினால் பித்தளை மரை கிழிந்துவிடும். வாங்கும்போது திருகாணிகளையும் கேட்டு வாங்குங்கள். தனியாகத் தேடினால் விளக்கைவிடத் தொல்லை.

எத்தனை வோல்ட், எந்த எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளில் எது வண்டியின் உடம்போடு இணைந்திருக்கிறது) என்று கேட்காமல் எந்த மின் சாமானையும் வாங்கக் கூடாது. செவர்லே 1954 வரை 6 வோல்ட், நெகட்டிவ் எர்த். போர்டு 1955 வரை 6 வோல்ட், ஆனால் பாசிட்டிவ் எர்த். அக்கால ஆங்கிலேய வண்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த். 6 வோல்ட் ஹார்னை 12 வோல்ட்டில் ‘சத்தம் வருதா பார்’ என்று அடித்துக் காட்டுவார்கள். பிரமாதமாகச் சத்தம் வரும், சுருள் கருகும். 6 வோல்ட்டில் அதே 36 வாட் பல்புக்கு 12 வோல்ட்டின் 3 ஆம்பியருக்குப் பதில் 6 ஆம்பியர் ஓடும் என்பதால் மெல்லிய ஒயரும் துருப்பிடித்த எர்த்தும் அங்கே இரட்டிப்புத் தொல்லை.

ரேடியோவில் இது உயிர்ப் பிரச்சினை. டிரான்சிஸ்டர் ரேடியோவை எர்த் மாற்றிக் கொடுத்தால் அந்த நொடியே போய்விடும். வால்வு ரேடியோவில் பேட்டரி மின்சாரத்தை உயர்த்த வைப்ரேட்டர் என்ற அதிர்வுச் சுவிட்ச் இருக்கும். அதிலும் ஒரு வகை எர்த் மாறினால் ஏற்காது. பல மாடல்கள் முகப்பு, பவர் பெட்டி, ஸ்பீக்கர் என மூன்று தனி உருப்படிகள். முகப்பு மட்டும் விற்பவருக்கு முழு ரேடியோ விலை கொடுக்காதீர்கள். எங்கள் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. முப்பது நாற்பது ஆண்டு ஓடாத வால்வு ரேடியோவை விற்பவர் கண்முன்னே பேட்டரியில் போட்டுக் காட்டச் சொல்லவும் வேண்டாம். உள்ளே உலர்ந்த கண்டன்சர் ஷார்ட் ஆனால் டிரான்ஸ்பார்மர் சேர்ந்து எரியும். ‘ஓடவில்லை’ என்ற விலைக்கு வாங்கி, கண்டன்சர்களை, முக்கியமாக வைப்ரேட்டரை ஒட்டிய பபர் கண்டன்சரை, மாற்றிய பிறகு மின்சாரம் கொடுங்கள்.

மைலோமீட்டரைச் சோதிக்க வண்டி தேவையில்லை. பல ஸ்மித்ஸ் மீட்டர்களின் முகப்பின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும், உதாரணமாக 1280. ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். ஆகவே வேகம் மாற்றக்கூடிய டிரில்லில் சதுர முனை மாட்டி, நிமிடத்துக்கு 1280 சுற்று கொடுத்தால் முள் 60ல் நிற்க வேண்டும். சுற்றும் திசையைக் கவனியுங்கள். தலைகீழாகச் சுற்றினால் உள்ளே பல் உடையலாம். உங்கள் வண்டியின் எண் வேறாக இருந்தால் மீட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேகம் தப்பாகவே காட்டும்.

கதவுத் தூணிலிருந்து எழும் கைகாட்டி இண்டிகேட்டர், மாரிஸ் மைனர் காலத்து வண்டிகளின் அழகு. அதை முனையைப் பிடித்து இழுத்துக் காட்டும் விற்பவரை உடனே தடுங்கள். பூட்டும் கொக்கி உடைந்துவிடும். மின்சாரம் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும், அதுவும் பத்து வினாடிக்கு மேல் மின்சாரம் விடாமல். எழும்பியும் விளக்கு எரியாவிட்டால் பெரும்பாலும் கீல் அருகே ஒயர் அறுந்திருக்கும், சரிசெய்யலாம். எழும்பவே இல்லை என்றால் சுருளைப் பார்க்க வேண்டும். கீலில் மெல்லிய தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம், சுருளுக்குள் விடக் கூடாது. தூசி சேர்ந்து பசையாகிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தூசிக்குப் பஞ்சமில்லை.

பித்தளைப் பந்து ஹார்ன், கார்பைடு விளக்கு என்று வருபவற்றில் புதிதாகச் செய்து அமிலம் தடவி வயதாக்கியவை ஏராளம். தகடு மெலிந்திருக்கும், ஒட்டுவாய் கண்ணுக்குப் படும். கார்பைடு விளக்கில் தண்ணீர் அறையும் கார்பைடு அறையும் தனித்தனியாக இருந்து, மேலே சொட்டு வால்வும், கல் மூக்கு பர்னரும் இருக்க வேண்டும். இவை இல்லாதது மேசை அலங்காரப் பொருள். வாங்குவதில் தப்பில்லை, அலங்காரப் பொருளின் விலைக்கு வாங்குங்கள்.

இனி விலை. எல்லாம் சரியாக இருக்கும் பொருள் சந்தையில் என்ன போகிறது என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள்: சென்னை புதுப்பேட்டை, கொல்கத்தா முல்லிக் பஜார், கோவை உக்கடம். அதிலிருந்து, உங்கள் கையிலுள்ள பொருளை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் ஒவ்வொரு செலவையும் கழியுங்கள். முழுமையான விளக்கு ஜோடி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மறுபூச்சுக்கு 2,500, டூம் வெள்ளிப் பூச்சுக்கு 1,500, ஒரு வளையம் இல்லை என்பதற்கு 1,000 என்று விசாரித்தால் மிச்சம் 5,000. அதிலும் தேடுவதற்கும் வேலை கெட்டுப்போகும் வாய்ப்புக்கும் பத்தில் ஒரு பங்கு விட்டுவிட்டு 4,500 கேளுங்கள். இந்த எண்கள் கணக்கு புரிவதற்காக. உங்கள் பட்டறைக் கூலியைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி உடைந்திருந்து, அதே கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால், பாதி விலையும் அதிகமே.

தொலைவிலிருந்து வாங்குவோர் முன்பக்கப் படத்தோடு நின்றுவிட வேண்டாம். பின்பக்கம், குத்திய எண், இணைப்பு முனை, அருகில் ஸ்கேல் வைத்த படம், அன்றைய நாளிதழோடு ஒரு படம் கேளுங்கள். பொருள் கையில் இல்லாதவர் அந்தக் கடைசிப் படத்தில் மாட்டிக்கொள்வார். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டு, ஆர்.சி. நகலோ எழுத்து ரசீதோ வாங்குங்கள்; திருட்டுச் சாமானும் இந்தச் சந்தையில் உலவுகிறது. பஸ் பார்சலில் அனுப்பும்போது நம் ஊரில் தேங்காய் நாரில் பொதிவது வழக்கம். நாரில் உப்பும் ஈரமும் இருக்கும், குரோமுக்கு ஆகாது. முதலில் காகிதத்தில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, அதற்கு வெளியே நார் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் அசல் சாமான் முக்கியம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலாகி, அசல் வடிவில் பராமரிக்கப்படும் வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள விண்டேஜ் பதிவு கிடைக்கும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவு 5,000. அந்தப் பதிவில் அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. பதிவுக்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள், வசதிக்காகக் கழற்றிய அசல் பாகத்தை எடைக்குப் போடாமல் எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நன்றாக நிற்கும் முழு வண்டியை ஒரு கிரில்லுக்காகவும் இரண்டு விளக்குக்காகவும் பிரித்து விற்பது இப்போது லாபமாகிவிட்டது. பிரித்தவர் கையில் நாலு காசு சேரலாம். அந்த வண்டி மறுபடி சேராது. பாடி உளுத்துப்போன வண்டியிலிருந்து மட்டும் சாமான் வாங்குங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியிலும், பழைய கார் சாமான் விளம்பரம் கொடுப்பவரிடம் வண்டியின் பெயர், ஆண்டு, பாகத்தில் குத்திய எண், எத்தனை வோல்ட் ஆகிய நான்கையும் கேட்டு வாங்கிப் பிரசுரிக்க வேண்டுகிறோம். கூடுதலாக ஒரு வரிதான் ஆகும்.

இப்படிக்கு,
பழைய கார்ப் பராமரிப்பாளர்கள்,
கோபாலபுரம் – கொழிஞ்சாம்பாறை